தொப்பி கேட்காத கார்: கதவு ஸ்பீக்கரைச் சீர்செய்த அனுபவம்

கார்க் கதவில் பொருத்திய ஸ்பீக்கர், பேஸ் வரும் இடங்களில் கிழிந்தாற்போல் ஒலித்தால், அநேகமாக எல்லோரும் முதலில் ஸ்பீக்கரைத்தான் மாற்றுகிறார்கள். மன்னார்குடிப் பக்கம் வசிக்கும் தவில் கலைஞர் ஒருவரின் பழைய ஹேட்ச்பேக் காரிலும் அப்படித்தான் நடந்திருந்தது. அட்டைப்பெட்டியில் 300 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட 6.5 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு முன்கதவுகளில் ஏறியிருந்தன. சத்தம் கூடியிருந்ததே தவிர, கிழிசல் அப்படியே இருந்தது. கச்சேரியில் மிக்சரிலிருந்து நேராக எடுத்த ஒலிப்பதிவுகளைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் என்று ஊர் ஊராகப் போகும் வழியில் தம் வாசிப்பைக் கேட்டுச் சரிபார்ப்பது அவருடைய வழக்கம். தவிலில் விரல்களால் வாசிக்கும் பக்கம் வலந்தலை, கழியால் அடிக்கும் பக்கம் தொப்பி. அவர் சொன்ன குறையை அவர் வாய்மொழியிலேயே தருகிறேன்: “வலந்தலையில விரல் விழுறது ஒவ்வொண்ணும் சுத்தமா கேக்குது தம்பி. தொப்பியில கழி விழுந்தா கதவுதான் அழுவுது, தோலு பேசலை.”

குறையைச் சொல்பவர் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. இழுத்துக் கட்டிய வலந்தலையின் ஓசை மேலே நிற்பது. அது தெளிவாக வருகிறதென்றால் ஸ்பீக்கரின் நடு, மேல் அதிர்வெண்களில் பழுதில்லை. தளர்வாகக் கட்டிய தொப்பியின் ஓசை கீழே இறங்குவது. அது வர வேண்டிய இடத்தில் தகரத்தின் ஓசை வருகிறதென்றால், ஸ்பீக்கரின் கூம்போடு கதவும் சேர்ந்து ஆடுகிறது என்று பொருள். ஆடி மாதத்தில் கல்யாண முகூர்த்தம் இல்லாததால் வண்டி அவருக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. கதவைப் பிரித்துப் போட்டு நிதானமாகப் பார்க்க முடிந்தது.

கதவைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டியவை சில உண்டு. முதலாவது, ஒலிப்பதிவே கிழிந்திருக்கிறதா என்பது. தவிலுக்கு மிக அருகில் கைப்பேசியை வைத்து எடுத்த பதிவில், மைக் தாங்காமல் அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கும். அதை எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் கிழியத்தான் செய்யும். நல்ல ஹெட்போனில் கேட்டுப் பார்த்து, சுத்தமாக இருந்த மிக்சர் பதிவுகளை மட்டும் சோதனைக்கு வைத்துக்கொண்டேன். அடுத்தது காரின் மியூசிக் செட்டில் உள்ள அமைப்புகள். பேஸ் உச்சத்தில் இருந்தது, லவுட்னஸ் போட்டிருந்தது, ஈக்வலைசர் ‘ராக்’ என்ற அமைப்பில் நின்றது. மூன்றும் கீழ் அதிர்வெண்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றுபவை. எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததும் கிழிசல் பாதியாகக் குறைந்தது. கூடவே பேஸும் காணாமல் போயிற்று. அவர் ஏன் அவற்றை அப்படி ஏற்றி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

பேலன்ஸை ஒரு பக்கமாகத் தள்ளினால் பேஸ் சற்றுக் கூடியது, நடுவுக்குக் கொண்டுவந்தால் குறைந்தது. இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிக்கும்போது, ஒன்று தனியே தருவதைவிடக் குறைவாகப் பேஸ் வந்தால், ஏதோ ஒரு பக்கத்தில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது என்றே கொள்ளலாம். ஒரு கூம்பு வெளியே தள்ளும் நேரத்தில் மற்றது உள்ளே இழுக்க, காருக்குள் கீழ் அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. செட்டின் பின்புறம் ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரிக் கட்டை ஒன்றை நொடிப்பொழுது தொட்டுப் பார்த்தால் போதும். பேட்டரியின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸ் கம்பியில் படும்போது கூம்பு வெளியே வர வேண்டும். ஜாலி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது, வலப்பக்கக் கூம்பு வெளியே வந்தது, இடப்பக்கக் கூம்பு உள்ளே போயிற்று. இதை மாற்றியதற்குச் செலவு எதுவும் இல்லை. புதிய ஸ்பீக்கர் வாங்கிய பணத்தில் கிடைக்காத பேஸ் இதில் கொஞ்சம் கிடைத்தது.

பிறகு 20 ஹெர்ட்ஸ் முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறிச் செல்லும் சோதனை ஒலியை ஒவ்வொரு கதவிலும் தனித்தனியாக ஓடவிட்டேன். 110 ஹெர்ட்ஸ் அருகே கதவின் உட்புற பேடு கிடுகிடுவென்று நடுங்கியது. உள்ளங்கையால் அழுத்தினால் நின்றது. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேறு வகைக் கிழிசல் கேட்டது. அது எங்கே அழுத்தினாலும் நிற்கவில்லை, சத்தத்தைக் குறைத்தால் மட்டும் நின்றது. ஆக, நோய் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது கதவுடையது, இரண்டாவது, கூம்பும் ஆம்ப்ளிஃபையரும் தம் எல்லையைத் தாண்டுவதால் வருவது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் வேலையில் இறங்குவதால்தான், கதவெங்கும் அதிர்வைத் தணிக்கும் ஷீட் ஒட்டிய பின்பும் கிழிசல் போகவில்லை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள்.

ஸ்பீக்கரையும் விட்டுவைக்கவில்லை. மல்டிமீட்டரில் 3.4 ஓம் காட்டியது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு நேர்மின் தடை அப்படிச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்துச் சமமாக உள்ளே அழுத்தியபோது உரசும் ஓசை எதுவும் கேட்கவில்லை. கூம்போடு ஒட்டிய கம்பிச்சுருள் (காயில்) உரசினால் மணல் தேய்ப்பது போன்ற ஒரு சத்தம் விரலுக்கே தெரியும். பாலிப்ரொப்பிலீன் கூம்பு, ரப்பர் விளிம்பு. கடற்காற்றும் ஈரமும் உள்ள நம் பக்கத்துக்கு இது வெறும் காகிதக் கூம்பைவிட ஏற்றது. அந்த 300 வாட் கணக்கை நம்ப வேண்டியதில்லை, ஆனால் பொருள் மோசமில்லை. எனவே இதே ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு கதவை மட்டும் சீர்செய்வதென்று முடிவு செய்தேன்.

பேடைக் கழற்றுவது பெரிய வித்தையல்ல. கைப்பிடிக் குழிக்குள் மூடிக்கு அடியில் ஒரு திருகு, உட்கைப்பிடியின் பின்னால் ஒன்று, கண்ணாடி மூலையில் உள்ள முக்கோண மூடி. இவற்றை எடுத்தபின் விளிம்பைச் சுற்றி பிளாஸ்டிக் கிளிப்புகள்தான். பழைய வண்டியில் சில கிளிப்புகள் உடையும் என்று எண்ணி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிச் சிறிது நேரம் விட்ட பிறகே கதவில் கை வைக்க வேண்டும். சில வண்டிகளில் பக்கவாட்டு மோதலைக் கதவுக்குள் ஏற்படும் காற்றழுத்த மாற்றத்தைக் கொண்டே உணரும் சென்சார் உண்டு. அத்தகைய கதவின் துளைகளை நம் விருப்பப்படி அடைக்கக் கூடாது. இந்த வண்டியில் அப்படி ஒன்றும் இல்லை.

உள்ளே பார்த்ததுதான் முக்கியம். தகரத்தின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாளை, முன்பு ஸ்பீக்கர் மாட்டியவர் கத்தியால் பாதி கிழித்து உள்ளே மடித்து விட்டிருந்தார். மழையில் கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள் இறங்கும் நீர் காருக்குள் வராமல் தடுப்பதே அந்தத் தாளின் வேலை. ஸ்பீக்கர், உலோக வளையம் எதுவுமின்றி, பழைய பிளாஸ்டிக் அடிச்சட்டத்தில் இரண்டே திருகுகளில் தொங்கியது. மற்ற இரண்டு துளைகளும் பெரிதாகிப் போயிருந்தன. கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியைப் பழுதுபார்ப்பதற்காக விட்ட துளைகளில் ஒன்று, என் இரண்டு உள்ளங்கைகளும் சேர்ந்து நுழையும் அளவுக்கு இருந்தது. கதவின் அடியில் மூன்று வடிதுளைகளில் இரண்டு அடைந்திருந்தன. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை வளைத்துக் குத்தியபோது, கரிய சேறும் அதில் ஊறிய வைக்கோல் துரும்பும் பதருமாக ஒரு கட்டி விழுந்தது. அதற்குப் பின்னால் நின்ற நீர் என் முழங்கைவரை வழிந்தது. அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லையும் வைக்கோலையும் காயப்போடும் ஊர்களில் ஓடும் வண்டிக்கு இது புதிதல்ல. ஆனால் இப்படித் தேங்கிய நீரில் கதவின் அடித்தகடு துருப்பிடிப்பதோடு, ஸ்பீக்கரின் காந்தமும் நாளெல்லாம் ஈரக்காற்றில் இருக்கிறது.

கதவில் உள்ள துளைகள் பேஸை எப்படிக் கெடுக்கின்றன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கூம்பு முன்னே வரும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது, பின்புறக் காற்று விரிகிறது. அதாவது முன்னலையும் பின்னலையும் ஒன்றுக்கொன்று நேரெதிர். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கும் மேல். அத்தனை நீளமான அலைக்குக் கதவின் துளை வழியாகச் சுற்றி வரும் அரை மீட்டர் தூரம் ஒரு தூரமே இல்லை. பின்னலை அத்துளைகள் வழியே வெளிவந்து முன்னலையோடு சேர்ந்து அதை அழித்துவிடுகிறது. 3,500 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 10 சென்டிமீட்டர்தான் என்பதால் மேலோசைக்கு இந்தக் கேடு இல்லை. வலந்தலை தெளிவாகக் கேட்டதும் தொப்பி கேட்காததும் இதனால்தான். பேஸ் குறைவாகக் கேட்பதால் நாம் பேஸை ஏற்றுகிறோம். ஏற்றினால் கூம்பு இன்னும் தூரமாக ஓடுகிறது, ஆம்ப்ளிஃபையர் எல்லையைத் தொடுகிறது, கதவின் தகரம் இன்னும் ஆடுகிறது, கிழிசல் வருகிறது. துளையை அடைத்தாலே இந்தச் சங்கிலி முதல் கண்ணியில் அறுந்துவிடும். தவிலில் பலா மரத்தில் கடைந்த கட்டை அசையாமல் நின்று, தோல் மட்டும் ஆட வேண்டும். கட்டை விரிசல் விட்டு அதுவும் சேர்ந்து ஆடினால் எவ்வளவு நல்ல தோல் போட்டாலும் நாதம் வராது என்று அந்தக் கலைஞரிடம் சொன்னபோது, அவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

முதலில் சுத்தம். பழைய கரும்பசையை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எடுத்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கு போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். இந்த இரண்டாவது துடைப்பைத் தவிர்த்தால் ஒட்டுவது எதுவும் நிலைக்காது. துருவேறிய இடங்களை உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசிக் காயவிட்டேன். அம்மியையே பறக்கவிடும் ஆடிக்காற்றில் திறந்த வெளியில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஒட்டும் பரப்பில் புழுதி படிந்தால் பசை புழுதியில்தான் ஒட்டும், தகரத்தில் ஒட்டாது. நாலு பக்கமும் சாக்குப் படுதா கட்டிய கொட்டகைக்குள் வண்டியை நிறுத்திக்கொண்டேன்.

வெளித்தகட்டின் உட்புறத்தில் ஒட்டுவதற்கு, அலுமினியத் தாள் முதுகுள்ள 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பர் ஷீட்டைத் தேர்ந்தெடுத்தேன். விலை குறைவு என்று தார் அடிப்படையிலான ஷீட்டைக் கடைகளில் காட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காரின் தகடு கை வைக்க முடியாதபடி சுடும் என்பதை நினைத்தால், அது இளகி வாடையடித்து வழுக்கி இறங்கும் ஆபத்தை ஏற்க எனக்கு மனமில்லை. பியூட்டைல் ஷீட் ஒலியைத் தடுக்கும் சுவர் அல்ல. தகடு ஆடும்போது, தகட்டுக்கும் அலுமினியத் தாளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபட்டு, அந்த ஆட்டத்தைச் சிறு வெப்பமாக்கிவிடுகிறது. ஆகவே தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. விரல் மடக்கால் தட்டிப் பார்த்து, தகரக் குரல் வரும் நடுப்பகுதியிலும் ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும் ஒட்டினால் போதும்; பாதிப் பரப்புக்குமேல் ஒட்டுவதில் காசுக்கேற்ற பலன் இல்லை. சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ எடை என்பதால், கண்மண் தெரியாமல் ஒட்டினால் கதவின் கீல்தான் பாரம் சுமக்கும். உருளையால் அழுத்தி அலுமினியத் தாளின் புடைப்புக்கோடுகள் தட்டையாகும்வரை தேய்க்க வேண்டும். ஒட்டி முடித்துத் தட்டியபோது ‘டங்’ என்றிருந்தது ‘தொப்’ என்றாயிற்று. வடிதுளைகளுக்கு நான்கு விரற்கடை மேலேயே ஷீட்டை நிறுத்திக்கொண்டேன்.

பெரிய துளைகளை அடைப்பதில்தான் பெரும்பாலான கடைகள் கைகழுவிவிடுகின்றன. உள்ளங்கை அகலத் துளையின் மேல் வெறும் பியூட்டைல் ஷீட்டை ஒட்டினால் அது கண்ணுக்கு மூடியதாகத் தெரியும். காற்று தள்ளும்போது அதுவே ஒரு தோலாக உள்ளும் புறமும் ஆடும். விறைப்பான தகடு வேண்டும். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் ஏ.சி.பி. ஷீட் வெட்டியது போக மீந்த துண்டுகள் மூலையில் கிடக்கும்; இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த 3 மில்லிமீட்டர் பலகை அது. நனைந்தாலும் ஊறாது, ஹேக்சா பிளேடால் வெட்டலாம், விறைப்புக்குக் குறைவில்லை. துளையைவிட இரண்டு விரற்கடை பெரிதாக அட்டையில் அச்சு எடுத்து, அதன்படி பலகையை வெட்டி, விளிம்பில் பியூட்டைல் நாடா வைத்து, தகட்டில் ரிவெட் நட் பதித்துத் திருகினேன். ஒட்டாமல் திருகியதற்குக் காரணம் உண்டு: நாளைக்குக் கண்ணாடிப் பொறியோ பூட்டோ பழுதானால், மெக்கானிக் ஆறு திருகுகளைக் கழற்றி வேலை செய்துவிட்டு மீண்டும் மூடிவிடலாம். முழுக்க ஷீட் ஒட்டி அடைத்த கதவைப் பார்த்தால் அவர் கத்தியைத்தான் எடுப்பார், முன்பு ஒருவர் எடுத்ததைப் போல.

பலகையைத் திருகும் முன் பூட்டுக் கம்பிகள் அனைத்தையும் ஒரு முறை அசைத்துப் பார்த்தேன். தகட்டில் உரசும் இடங்களில் துணிநாடா சுற்றினேன். கம்பிக்கற்றை தொங்கிய இடத்தில் ஸ்பாஞ்சு வைத்துக் கட்டினேன். கண்ணாடியை முழுதாக இறக்கி, ஏற்றி, மீண்டும் இறக்கிப் பார்த்த பிறகே மூடினேன். மழைத்தடுப்புத் தாளின் வேலையை இனி இந்தப் பலகைகளும் அவற்றைச் சுற்றிய நாடாவும் செய்கின்றன. விட்டுப்போன சிறு துளைகளைப் பியூட்டைல் துண்டுகளால் அடைத்தேன்.

அடுத்தது ஸ்பீக்கர் உட்காரும் வளையம். தச்சுப்பட்டறைகளில், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் எளிதாக அறுத்துத் தருவார்கள். அது ஒரு மழைக்காலம் தாண்டாது, ஊறிப் பிட்டு போல உதிர்ந்துவிடும் என்பதால் வேண்டாம் என்றேன். சமையலறை அலமாரிக்குப் போடும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த 18 மில்லிமீட்டர் டபிள்யூ.பி.சி. பலகைத் துண்டில், நடுத்துளையை 142 மில்லிமீட்டர் விட்டத்தில் ஜிக்சாவால் அறுத்துக் கொடுக்கச் சொன்னேன். வளையத்தின் தடிமனை முடிவு செய்வது கண்ணாடிதான்: கண்ணாடியை முழுதும் இறக்கிவைத்து, கதவுத் தகட்டிலிருந்து அதுவரை உள்ள ஆழத்தை அளந்து, ஸ்பீக்கரின் ஆழத்தை அதோடு ஒப்பிட்டுக் குறைந்தது சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி பார்க்க வேண்டும். வளையத்தின் பின்விளிம்பை உட்புறமாகச் சரிவாகச் சீவினேன். இல்லாவிட்டால் கூம்பின் பின்காற்று குழாய்க்குள் அகப்பட்டதைப் போல் திணறும். தகட்டில் திருகாணியை நேராக இறக்காமல், நட்டும் போல்ட்டுமாக ஊடுருவ மாட்டினேன். தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவிலும், வளையத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவிலும் நுரைநாடா.

கண்ணாடியிலிருந்து சொட்டும் நீர் காந்தத்தில் விழாமலிருக்க, ஸ்பீக்கருக்கு மேற்புறம் மட்டும் பிளாஸ்டிக் தகட்டை வளைத்து ஒரு இறவாணம் வைத்தேன். ஸ்பீக்கரின் பின்பக்கத்தை முழுதாக மூடும் நுரைக்கிண்ணங்களும் கடையில் கிடைக்கின்றன. அவை கூம்புக்குப் பின்னால் இருக்க வேண்டிய காற்றின் அளவைச் சுருக்கி, நாம் அரும்பாடுபட்டுச் சேர்த்த பேஸையே குறைப்பவை. ஸ்பீக்கரின் முன்புறத்தில், கூம்பைச் சுற்றி பேடின் ஜாலிவரை எட்டும் தடித்த நுரை வளையம் ஒன்றை ஒட்டினேன். இது இல்லையென்றால் முன்னலையில் ஒரு பங்கு பேடுக்கும் தகட்டுக்கும் நடுவே நுழைந்து பேடை நடுக்கும். 110 ஹெர்ட்ஸில் கேட்ட கிடுகிடுப்பில் ஒரு பாதி இதனால் வந்ததுதான். கம்பி இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல், உலோகக் குழலில் வைத்து நசுக்கி (கிரிம்ப் செய்து), சுருங்கும் குழாய் மாட்டினேன். ஈரக்காற்றில் முறுக்கிய செம்பு பச்சை பூத்துப் போகும்.

பேடை மாட்டி, அதே சோதனை ஒலியை மறுபடியும் ஓடவிட்டேன். 110 ஹெர்ட்ஸில் நடுக்கம் இல்லை. பேஸ் பொத்தான் பூஜ்யத்தில் இருக்கும்போதே முன்பு உச்சத்தில் கேட்டதைவிட நிறைவான அடிநாதம் வந்தது. ஸ்பீக்கரும் அதே, செட்டும் அதே. கதவைச் சாத்தும் ஓசைகூடக் கனத்திருந்தது. ஆனால் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே, சத்தம் கூட வைத்தால், இரண்டாவது நோய் அப்படியே இருந்தது.

இது கதவில் தீராது. செட்டின் முகப்பில் 50 வாட், நான்கு சானல் என்று எழுதியிருந்தாலும், தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத செட் 14.4 வோல்ட் மின்னழுத்தத்தில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாத அலையாகக் கொடுக்கக்கூடியது கணக்குப்படியே 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் 20 வாட் அளவில்தான் நிற்கும். என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டால் மின்னழுத்தம் 12.4-க்கு இறங்கி, கிடைக்கும் திறனும் கால் பங்கு குறைந்துபோகும். வண்டியை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கும்போது கிழிசல் முன்னதாகவே வருவதற்கு அதுவே காரணம். இந்தச் சிறு திறனைக் கூம்பால் தர முடியாத அதிர்வெண்களில் வீணாக்கக் கூடாது. ஒரே அளவு சத்தம் வேண்டுமென்றால், அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும்: 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்ற இடத்தில் 40 ஹெர்ட்ஸுக்கு 4 மில்லிமீட்டர். 6.5 அங்குல ஸ்பீக்கர் பலவற்றுக்கு அதுவே எல்லை.

செட்டின் மெனுவில், குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளவற்றைத் தணிக்கும் ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தது. யாரும் அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. 80 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபெல் சரிவு என்று வைத்தேன். இந்த வசதி இல்லாத செட்டுக்கு, ஸ்பீக்கரின் பிளஸ் கம்பியில் தொடராக ஒரு போலாரிட்டி (பிளஸ், மைனஸ் பேதம்) இல்லாத கெபாசிட்டர் போடலாம்; 4 ஓமுக்கும் 80 ஹெர்ட்ஸுக்கும் கணக்கு ஏறக்குறைய 500 மைக்ரோஃபாரட். 1,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் இரண்டை மைனஸும் மைனஸும் சேர்த்து இணைத்தால் அது கிடைத்துவிடும். சரிவு 6 டெசிபெல்தான், ஸ்பீக்கரின் தடை எல்லா அதிர்வெண்ணிலும் 4 ஓமாக இருப்பதில்லை என்பதால் வெட்டும் இடமும் கணக்குப்படி அமையாது. ஒன்றும் இல்லாததற்கு அது நல்ல மாற்று, அவ்வளவே.

80 என்பதை இறுதி செய்தது நானல்ல. கலைஞரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, அவருடைய கச்சேரிப் பதிவையே போட்டு, ஃபில்டரை ஒவ்வொரு படியாக மாற்றினேன். 100-இல் வைத்தபோது, “தொப்பி மெலிஞ்சு போச்சு” என்றார். 63-இல் தொப்பி கனத்தது. ஆனால் தனி ஆவர்த்தனத்தின் வேகமான இடத்தில் கழியடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 80-இல் சற்று நேரம் பேசாமல் கேட்டுவிட்டு, “கழி விழுறதும் தெரியுது, தோலு அடங்குறதும் தெரியுது. இதுலயே விட்டுடு தம்பி” என்றார். அடங்குவது தெரிகிறது என்று அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கதவு ஆடிக்கொண்டிருந்தவரை, அடி நின்ற பிறகும் தகரம் தன் பங்குக்கு நீட்டிக்கொண்டே இருந்தது. இருக்கைக்கு அடியில், பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபர் ஒன்றைச் சிறிதாக வைக்கலாமா என்றும் கேட்டார். திரையிசைக்கு அது தேவைப்படலாம். தவிலும் நாதஸ்வரமும் கேட்பவருக்கு இப்போதைக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி அடைமழை விட்டதும் பேடை மீண்டும் கழற்றிப் பார்த்தேன். வடிதுளைகள் திறந்தே இருந்தன. பேடின் உட்புறம் காய்ந்திருந்தது. வலக்கதவில் ஏ.சி.பி. பலகையின் கீழ்விளிம்பில் ஓரிடத்தில் நாடா தூக்கியிருந்ததால், நனைந்த இடத்தை உலர்த்திப் புதிய நாடா வைத்து அழுத்தினேன். வளையத்தின் போல்ட்டுகளில் சில கால்சுற்று தளர்ந்திருந்தன, டபிள்யூ.பி.சி. பலகை அழுத்தத்தில் சற்று அமுங்கிக்கொடுக்கும் என்பதால் ஸ்பிரிங் வாஷர் போட்டு மறுபடி இறுக்கினேன். பின்கதவுகளில் இருப்பவை சிறிய ஸ்பீக்கர்கள். அவற்றுக்கு இத்தனை வேலை வேண்டாம். முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பங்கிடும் ஃபேடரை முன்பக்கமாகத் தள்ளி வைத்து, வடிதுளைகளை மட்டும் குத்திவிட்டு அப்படியே மூடிவிட்டேன்.